மேசை மேல் ஒரு மாம்பலம்: மாடல் ரயிலுக்கு ஊர் கட்டிய அனுபவம்

கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்சார ரயிலில் போகிறவர் பார்க்கும் சென்னையும், அண்ணா சாலையில் பஸ்ஸில் போகிறவர் பார்க்கும் சென்னையும் வேறு வேறு. சாலைக்கு ஊர் தன் முகத்தைக் காட்டுகிறது. தண்டவாளத்துக்குக் கொல்லைப்புறத்தைத்தான் காட்டுகிறது. சுவரோடு இறங்கும் கழிவுநீர்க் குழாய்கள், பூச்சு பூசாத செங்கல், சமையலறை ஜன்னலுக்கு மேல் படிந்த கரி, மொட்டை மாடியில் கறுப்புத் தண்ணீர்த் தொட்டி, கொடியில் காயும் துணி, எப்போதோ ஒட்டிக் கிழிந்த சுவரொட்டி. மாடல் ரயில் மேசையில் நகரக் காட்சி கட்ட ஆசைப்படுகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்: சென்ட்ரலின் கோபுரத்தையோ எழும்பூரின் குவிமாடத்தையோ தொடுவதற்கு முன்னால், ரயிலில் உட்கார்ந்தால் தெரிகிற அந்தக் கொல்லைப்புறத்தைக் கட்டுங்கள். அது சரியாக வந்துவிட்டால் பெயர்ப்பலகை இல்லாமலே பார்க்கிறவர் "இது நம்ம ஊர்" என்பார்.

எங்கள் வீட்டில் ஓர் அறையின் சுவரை ஒட்டிச் சுற்றிவரும் எச்ஓ தடம் இருக்கிறது. அதில் ஒரு பக்கம், எட்டடி நீளமும் இரண்டடி அகலமுமாக, ஊருக்கென்று ஒதுக்கினேன். எச்ஓ என்பது 87ல் ஒரு பங்கு அளவு. இந்த அளவு சென்னைக்காரர்களுக்கு மிக வசதியானது. நிஜத்தில் ஓர் அடி என்றால் மேசையில் மூன்றரை மில்லிமீட்டர். நம் கொத்தனாரும் தச்சரும் வீட்டுத் தரகரும் இன்னும் அடியில்தான் பேசுகிறார்கள்; நமக்கும் வீடு என்றால் அடிதான் மனசில் வரும். பத்தடி உயரத் தளம் 35 மில்லி. ஏழுக்கு மூன்று வாசற்கதவு 24.5க்கு 10.5 மில்லி. 2,400 சதுர அடி கொண்ட ஒரு கிரவுண்டு மனையை 40க்கு 60 என்று எடுத்துக்கொண்டால், மேசையில் 14 சென்டிமீட்டருக்கு 21 சென்டிமீட்டர். அளவுநாடாவே வேண்டாம். ஒரு வீட்டின் வாசற்கதவை வைத்து ஜன்னலை ஒப்பிட்டு, தளங்களை எண்ணினால், கட்டடத்தின் வரைபடம் நோட்டில் வந்துவிடும். நான் அப்படித்தான் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்து, கோடம்பாக்கத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் இடையே போகும்போதும் வரும்போதும் சின்னச் சின்னதாக வரைந்து வைத்துக்கொண்டேன்.

மாம்பலத்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. ஒரே நிலையத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஊர். கிழக்கே தி.நகரின் ரங்கநாதன் தெரு, அதன் கூட்டம், அடுக்கடுக்கான ஜவுளிக்கடைகள். மேற்கே மேற்கு மாம்பலம், சின்ன வீடுகள், மாவுமில், மெஸ், வேப்பமரம். இந்த முரண் இரண்டடி அகலத்துக்குள் அடங்குகிறது. ஆனால் மாம்பலத்தை அச்சு அசலாகக் கட்ட முடியாது, கட்டவும் கூடாது என்பது என் கருத்து. எட்டடி மேசை என்பது நிஜத்தில் 212 மீட்டர்தான். ஒன்பது பெட்டி மின்சார ரயில் ஒன்று வந்து நின்றால் மேசை முடிந்துவிடும். ஆகவே "மாம்பலம் மாதிரி" ஒரு நிலையம். எதை விடுவது, எதைக் கட்டாயம் வைப்பது என்று முடிவெடுப்பதில்தான் இந்த வேலையின் பாதி இருக்கிறது.

அதற்கும் முன்னால் ஆண்டை முடிவு செய்ய வேண்டும். இதைப் பலர் தள்ளிப்போடுகிறார்கள். கடற்கரை–தாம்பரம் தடத்தில் 1931ல் ஓடத் தொடங்கிய மீட்டர்கேஜ் மின்சார ரயில் 2004ல் நின்றது. அதற்கு முந்தைய மாம்பலம் வேண்டுமென்றால் 12 மில்லி அகலத் தடம் போட வேண்டும். வண்டிகளை நீங்களே செய்ய வேண்டும். 2023க்குப் பிறகு என்றால் தி.நகர் பேருந்து நிலையம் வரை போகும் ஆகாய நடைபாதை வேண்டும். நான் 2006 என்று வைத்துக்கொண்டேன். அகலப்பாதை வந்தாயிற்று, சோடியம் விளக்கின் மஞ்சள் வெளிச்சம் இன்னும் இருக்கிறது, மஞ்சள் எஸ்.டி.டி. பூத் இருக்கிறது, கையால் எழுதிய கடைப்பலகைக்குப் பக்கத்திலேயே ஃபிளெக்ஸ் பேனர் தொங்குகிறது. ஆண்டு முடிவாகிவிட்டால் ஒவ்வொரு சின்னப் பொருளுக்கும் "இது இருக்கலாமா" என்ற கேள்விக்குப் பதில் தானாகவே கிடைக்கும்.

தண்டவாளத்தைப் பற்றி ஒரு விஷயம். நம் அகலப்பாதை 1,676 மில்லிமீட்டர். 87ஆல் வகுத்தால் 19.3 மில்லி வரும். கடையில் கிடைக்கும் எச்ஓ தடமோ 16.5 மில்லி. சிலர் இதற்காகத் தாங்களே 19.3ல் தடம் போடுகிறார்கள். அவர்கள் பொறுமைக்கு என் வணக்கம். ஊர்க்காட்சி கட்டுகிறவருக்கு அந்தச் சிரமம் தேவையில்லை. பக்கவாட்டில் பார்க்கும் கண்ணுக்கு இந்த மூன்று மில்லி தெரிவதே இல்லை. நேருக்கு நேர், வண்டி நம்மை நோக்கி வரும் கோணத்தில்தான் தெரியும். அந்தக் கோணம் கிடைக்காதபடி காட்சியின் இரு ஓரங்களையும் மறைத்துவிட்டால் போதும்.

மேசைக்கான பலகையைத் தச்சரிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "சார், எட்டடிய ஒரே பலகையா போட்டா லிஃப்ட்ல ஏறுமா?" என்பதுதான். "ரெண்டா போட்டுருங்கண்ணே, நடுவுல நட்டு போல்ட்டு" என்றேன். நான்கடிப் பலகை இரண்டு, 12 மில்லி மரைன் பிளைவுட், அடியில் மரச்சட்டம். சென்னை ஈரத்துக்கு இதில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் சாதாரணப் பலகை ஊதும். ஊதினால் தண்டவாள இணைப்பு தூக்கிக்கொள்ளும். வண்டி தடம் புரளும். பலகையின் மேல், கீழ், வெட்டு விளிம்பு என எல்லாப் பக்கமும் பிரைமர் அடித்து மூட வேண்டும். விளிம்பு வழியாகத்தான் ஈரம் அதிகம் ஏறும். கரையான் மருந்தும் அப்போதே அடித்துவிடுங்கள். இரண்டு பலகை சேரும் கோட்டின் மேல் கட்டடம் எதுவும் உட்காரக் கூடாது. நான் அந்தக் கோட்டின் மேல் ஒரு சந்து போட்டேன். சந்தின் நடுவே ஓடும் மூடிய சாக்கடைதான் பலகை இணைப்பு. பார்க்கிறவருக்குச் சாக்கடை; எனக்கு நாளைக்கு வீடு மாறினால் பிரிக்கிற இடம்.

சரி, இடப்பங்கீடு. நாம் மேற்கு மாம்பலம் பக்கம் நின்று, தண்டவாளத்துக்கு அப்பால் தி.நகரைப் பார்க்கிறோம் என்று வைத்துக்கொண்டேன். நமக்கு முன்னால் நான்கு அங்குலம்தான் மேற்கு மாம்பலம். அதில், தெற்கு முனையைத் தவிர, உயரமாக எதுவும் வைக்கவில்லை. ரயில்வே காம்பவுண்டுச் சுவர், ஒரு ஓட்டு வீட்டின் கூரை, வேப்பமரம், எருக்கஞ்செடி, சைக்கிள் நிறுத்தம். அப்புறம் இரண்டு தடமும் நடைமேடையும். நிஜத்தில் புறநகர் வண்டிகளுக்கு ஒரு ஜோடி, தொலைதூர வண்டிகளுக்கு ஒரு ஜோடி தடங்கள் உண்டு. நான் ஒரு ஜோடியோடு நிறுத்திக்கொண்டேன். நான்கும் போட்டால் ஊருக்கு இடமே இருக்காது. மீதி ஓரடி ஆழம் முழுவதும் தி.நகரின் முதுகு.

மின்சார ரயில் பெட்டி ஒன்று மேசையில் ஏறத்தாழ 24 சென்டிமீட்டர். பன்னிரண்டு பெட்டி என்றால் மூன்று மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. நான் ஆறு பெட்டிகள்தான் ஓட்டுகிறேன். ஆனாலும் அது குட்டை வண்டியாகத் தெரிவதில்லை. காரணம், காட்சியின் இரண்டு முனையிலும் வண்டியை மறைக்க ஏதோ ஒன்று இருக்கிறது: வடக்கில் அகலமான நடைமேம்பாலமும் அதன் படிக்கட்டும், தெற்கில் தண்டவாளத்தை நெருங்கி நிற்கும் மூன்றுமாடிக் கட்டடமும் ஒரு தூங்குமூஞ்சி மரமும். வண்டியின் தலை மறைந்த பிறகுதான் நடுப்பகுதி தெரியும், அது போன பிறகுதான் வால். முழு வண்டியை ஒரே பார்வையில் யாரும் பார்ப்பதில்லை. பாலத்துக்கு அடியில் தண்டவாள மட்டத்திலிருந்து குறைந்தது எட்டு சென்டிமீட்டர் இடைவெளி விடுங்கள். மேல்நிலை மின்கம்பியே 63 மில்லி உயரத்தில் வந்துவிடும்.

எங்கள் குடியிருப்பில் ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வுபெற்ற மாமா ஒருவர் இருக்கிறார். தடம் போட்டு முடித்ததும் அவரை அழைத்துக் காட்டினேன். வெகுநேரம் குனிந்து பார்த்துவிட்டு, "ஏம்ப்பா, தண்டவாளத்துப் பக்கத்துல சாம்பல் நிறத்துல எதையும் வெச்சுடாதே. எல்லாம் பழுப்புதான். பிரேக் கட்டைத் தூள் பட்டு பட்டு நடைமேடைச் சுவர், சிக்னல் பெட்டி, காம்பவுண்டு அடிப்பக்கம், எல்லாமே அந்த நிறத்துக்கு வந்துடும்" என்றார். இந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிய உதவி. இன்றும் தண்டவாளத்திலிருந்து நான்கைந்து அங்குலத்துக்குள் இருக்கும் எல்லாவற்றின் மேலும் மெல்லிய பழுப்பு ஒரு பூச்சு தருகிறேன். ஊரும் ரயிலும் தனித்தனியாகச் செய்து ஒட்டியதுபோல் தெரியாமல் ஒன்றாகச் சேர்வது இந்தப் பூச்சினால்தான்.

ஜல்லிக்கு வெளிநாட்டுப் பொட்டலம் வாங்க வேண்டியதில்லை. நம் ரயில்வே ஜல்லி கருங்கல். கட்டட வேலைக்கு வரும் எம்-சாண்டும் கருங்கல்லை உடைத்ததுதான். பக்கத்துத் தெருவில் வீடு கட்டுகிறவரிடம் கேட்டு ஒரு டப்பா வாங்கிக்கொள்ளுங்கள். கழுவி, காயவைத்து, டீ வடிகட்டியில் சலியுங்கள். வடிகட்டியில் தங்குவது பெரும்பாலும் ரொம்பப் பெரிசு. கீழே விழுவதை இன்னொரு முறை மெல்லிய துணியில் சலித்துத் தூசியை நீக்கினால், அரை மில்லியிலிருந்து முக்கால் மில்லி வரையான கல் கிடைக்கும். அது நிஜ ஜல்லியின் அளவுக்கு நெருக்கம். ஒரு காந்தத்தைக் காகிதத்தில் சுற்றி அதன் மேல் நன்றாக ஓட்டுங்கள். இரும்புத் துணுக்கு ஒன்று எஞ்சின் மோட்டாருக்குள் போனால் மோட்டார் போய்விடும். இடத்தில் பரப்பியதும், தண்ணீரில் சில சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் கலந்து தெளித்து ஈரமாக்கி, நீர்த்த ஃபெவிகாலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஈரமாக்காமல் விட்டால் பசை உருண்டு ஜல்லியைக் குழிபறிக்கும்.

இனி கட்டடங்கள். இதைப் பற்றித்தான் நான் நிறையச் சொல்ல விரும்புகிறேன்.

அட்டையில் கட்ட வேண்டாம். சென்னையில் ஒரு மழைக்காலம் தாண்டுவதற்குள் அட்டைச் சுவர் வளைந்து மூலையில் வாய் திறக்கும். ஃபிளெக்ஸ் பேனர், பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் சன்போர்டு என்று ஒரு வெள்ளைப் பலகை வைத்திருப்பார்கள். பிவிசி நுரைப் பலகை. மூன்று மில்லியில் கிடைக்கும், கட்டர் கத்தியால் வெட்டலாம், ஈரத்துக்கு அசையாது. வெட்டி எறிந்த துண்டுகளைக் கேட்டால் அந்தக் கடைக்காரர்கள் சந்தோஷமாகத் தருவார்கள்; நம் அளவுக்கு அந்தத் துண்டே பெரிசு. இதை ஒட்டுவதற்கு ஃபெவிகால் சரிவராது, அது மரத்துக்கும் காகிதத்துக்கும்தான். ஃபெவிக்விக் மாதிரி உடனே ஒட்டும் பசை நல்லது. தெர்மகோலைக் குன்றுக்கோ மேட்டுக்கோ பயன்படுத்தினால் அதன் மேல் ஸ்பிரே பெயின்ட் அடிக்காதீர்கள், உருகிவிடும்.

வெளிநாட்டுக் கட்டடக் கிட் கையில் இருந்தாலும் நம் ஊர் ஆக்கலாம். சரிவான கூரையை வெட்டி எடுத்துவிட்டு மொட்டை மாடி போடுங்கள். மூன்றடிக் கைப்பிடிச் சுவர், அதாவது பத்தரை மில்லி. மாடிப்படி முடியும் இடத்தில் ஒரு சின்ன அறை. அதன் மேல் தண்ணீர்த் தொட்டி. கடைசியாக, ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே சன்ஷேடு. ஒன்றரை, இரண்டடி நீட்டம். மேசையில் ஐந்திலிருந்து ஏழு மில்லி. ஒரு கட்டடத்தைச் சென்னைக்குக் கொண்டுவர ஒரே ஒரு பொருள்தான் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் நான் சன்ஷேடைத்தான் சேர்ப்பேன். வெயில் ஊரில் நிழல் அங்கேதான் விழுகிறது, மழைக்கறை அங்கிருந்துதான் இறங்குகிறது, குடை மடக்கி மாட்டுவதும் பழைய பெட்டி வைப்பதும் புறா உட்காருவதும் அதன் மேல்தான்.

தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்கெட்ச் பேனாவின் தடித்த உடல் சரியாக இருக்கும்: 12 மில்லி விட்டம் இருந்தால் ஆயிரம் லிட்டர் தொட்டி. வெட்டி, மேலே ஒரு மூடி ஒட்டி, கறுப்பு மேட் பெயின்ட். சுவரோடு இறங்கும் நாலங்குலக் குழாய் 1.2 மில்லி வர வேண்டும். மின்னணுக் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் 18 கேஜ் செம்புக் கம்பி கேட்டால் அது சரியாக அந்த அளவுதான். குழாயை நேராக இறக்கிவிட்டால் பொம்மை மாதிரி இருக்கும். ஒவ்வொரு தளத்திலும் ஒரு கிளை வந்து சேரட்டும். ஒரு குழாய் பாதியில் உடைந்து புதிய வெள்ளைக் குழாய் பொருத்தப்பட்டிருக்கட்டும். கசியும் மூட்டுக்குக் கீழே பச்சையும் கறுப்புமாகப் பாசி இறங்கட்டும். அந்த மூட்டில் ஓர் அரசங்கன்று. கொல்லைப்புறத்தின் அழகு இந்த மாதிரிச் சேர்க்கைகளில்தான் இருக்கிறது. நாற்பது ஆண்டு மனிதர்கள் வாழ்ந்து, தேவைக்கேற்ப ஒட்டிக்கொண்டே போன சுவர் அது. அதைக் கட்டும்போது ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் யார் இருக்கிறார் என்று யோசித்துக்கொண்டு கட்டுங்கள். மூன்றாம் மாடியில் ஜவுளிக்கடையின் சரக்கு அறை. அங்கே ஜன்னல் அட்டைப்பெட்டியால் அடைத்திருக்கும். இரண்டாம் மாடியில் கடைப் பையன்கள் தங்கும் அறை. கொடியில் ஒரே மாதிரிச் சட்டைகள் வரிசையாகக் காயும். கீழே மெஸ்ஸின் சமையலறை. புகைபோக்கிக்கு மேல் இரண்டு தளம் வரை கரி. இப்படி ஒரு கதை இருந்தால் எந்தப் பொருளை எங்கே வைப்பது என்று திண்டாட வேண்டியதில்லை.

சுவர்ப் பூச்சுக்கு வீட்டுக்கு அடிக்கும் வால் புட்டியையே பயன்படுத்துகிறேன். சன்போர்டை உப்புத்தாளால் நன்றாகத் தேய்த்துவிட்டு, புட்டியில் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து விரலால் மெல்லியதாகத் தடவினால், கொத்தனார் கரண்டி ஓடிய சுவர் மாதிரியே வரும். அங்கங்கே சுரண்டிவிட்டு உள்ளே செங்கல் நிறம் தீட்டலாம். நிறங்களில் அடக்கம் வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகள் ரோஸ், பச்சை, நீலம் என்று இருப்பது உண்மைதான். ஆனால் டப்பாவில் இருக்கும் நிறத்தை அப்படியே மேசையில் அடித்தால் கண்ணைக் குத்தும். எல்லா நிறத்திலும் கொஞ்சம் வெள்ளையும் ஒரு துளி பழுப்பும் கலந்து, வெயிலில் வெளிறிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். அதற்கு மேல் கறை: நீர்த்த கறுப்பை சன்ஷேடு முனையிலிருந்தும் கைப்பிடிச் சுவர் விளிம்பிலிருந்தும் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். மழை எந்த வழியாக இறங்கும் என்று பார்த்து இழுங்கள். கறை எல்லா இடத்திலும் சமமாக இருந்தால் அது அழுக்கு. தண்ணீர் போன வழியில் இருந்தால்தான் வயசு. கோலப்பொடிக் கடையில் கிடைக்கும் காவியும், சுண்ணாம்புப் பொடியும், விளக்குக் கரியும் எனக்கு இன்றுவரை போதுமாக இருக்கின்றன.

ஓரடி ஆழத்தில் தி.நகரை அடைக்க ஒரு வழி, அளவைக் குறைத்துக்கொண்டே போவது. முன்வரிசைக் கட்டடங்கள் 87ல் ஒரு பங்கு. அதற்குப் பின்னால் தெரியும் வரிசை நூறில் ஒரு பங்கு. கடைசி வரிசை 160ல் ஒரு பங்கு, அதுவும் இரண்டு விரல் தடிமனில் முன்சுவரும் மாடியும் மட்டும். பின்னால் போகப்போக நிறமும் வெளிற வேண்டும், ஜன்னல் விவரமும் குறைய வேண்டும். வரிசைகளுக்கு இடையே தரை தெரியக் கூடாது. தெரிந்தால் மாயம் கலைந்துவிடும். கட்டட வரிசையைப் பலகை விளிம்புக்கு இணையாக வைக்காமல் கொஞ்சம் சாய்த்து வையுங்கள். இணையாக நின்றால் அலமாரியில் அடுக்கிய புத்தகம் மாதிரி ஆகிவிடும்.

ரங்கநாதன் தெருவை நான் முழுதாகக் காட்டவில்லை. நடைமேம்பாலப் படிக்கட்டுக்குப் பக்கத்தில், இரண்டு கட்டடத்துக்கு நடுவே, ஓர் இடுக்காக மட்டும் தெரிகிறது. ஆனால் வருகிறவர் கண்ணெல்லாம் அங்கேதான் போகிறது. அந்த இடுக்கு முழுவதும் தலைகள்; மேலே குறுக்கும் நெடுக்குமாகப் பலகைகள். தெருவின் கடைசியில் ஒரு சின்னக் கண்ணாடி சாய்வாக நிற்கிறது. அது தெருவை இரண்டு மடங்கு நீளமாக்குகிறது. கண்ணாடி வைக்கிறவர்கள் கவனிக்க வேண்டியது: அதில் எழுத்து இடம் வலமாகத் திரும்பித் தெரியும். ஆகவே கண்ணாடியைப் பார்த்த முகமாக எந்தப் பலகையும் இருக்கக் கூடாது. நம் முகமும் அதில் விழாதபடி கோணத்தைத் திருப்பி, மேல் விளிம்பைத் துணிப்பந்தலால் மறைத்திருக்கிறேன்.

மனிதர்களுக்கு, கட்டடக்கலை மாணவர்கள் தங்கள் கட்டட மாதிரிகளில் பயன்படுத்தும் வெள்ளைப் பொம்மைகளே மலிவு. 75ல் ஒரு பங்கும் நூறில் ஒரு பங்கும் கிடைக்கின்றன. நம் அளவு இரண்டுக்கும் நடுவே. பெரிசை முன்னாலும் சின்னதைத் தெரு இடுக்கிலும் வைத்தால் தூரம் கூடுதலாகத் தெரியும். உடை மாற்றுவதில்தான் வேலை. டிஷ்யூ காகிதத்தை நீர்த்த பசையில் நனைத்து இடுப்பிலிருந்து தோளுக்குச் சுற்றினால் புடவை. முழங்காலுக்கு மேல் மடித்துவிட்டால் லுங்கி. முன்வரிசையில் இருக்கும் பத்துப் பதினைந்து பேருக்கு மட்டும் இதைப் பொறுமையாகச் செய்யுங்கள். கூட்டத்துக்கு நிறம் போதும். ஆட்டோ மேசையில் 30 மில்லி நீளம்தான். முப்பரிமாண அச்சில் எடுத்து மஞ்சள் பூசினேன்.

பலகைகள் இல்லாமல் தமிழ்நாட்டு ஊர் இல்லை. நிலையப் பலகை மஞ்சள் பின்னணியில் கறுப்பு எழுத்து, மூன்று மொழி, தமிழ் மேலே. ஓரடி உயர எழுத்து மூன்றரை மில்லி; வீட்டு அச்சு இயந்திரமே அதைத் தெளிவாக அடிக்கும். பளபளப்புத் தாள் வேண்டாம், மேட் தாள். ஆண்டர்சன் தெருவில் தாள் வகைகளைத் தொட்டுப் பார்த்து வாங்கலாம். ஃபிளெக்ஸ் பேனருக்கு மட்டும் பளபளப்பு இருக்கட்டும். கடைப்பெயர்களை நீங்களே வையுங்கள், ஆனால் அந்தக் காலத்துப் பெயர்களாக இருக்க வேண்டும். ஸ்டோர்ஸ், பவன், பாத்திர மாளிகை, மெடிக்கல்ஸ். கிழிந்த சுவரொட்டிக்கு, பழைய வார இதழின் சின்ன எழுத்துப் பக்கத்தை ஒட்டி, காய்ந்ததும் ஈரவிரலால் தேய்த்து உரித்துவிடுங்கள்.

விளக்குக்கு ரிச்சி தெருவில் மூன்று வகை எல்இடி வாங்கினால் போதும். தெருவுக்கு ஆரஞ்சு, வீட்டுக்குள் ட்யூப்லைட் மாதிரி குளிர்ந்த வெள்ளை, பழைய வீட்டின் ஒன்றிரண்டு அறைக்கும் டீக்கடைக்கும் மஞ்சள் கலந்த வெள்ளை. 12 வோல்ட் மின்வழங்கியில், வெள்ளை எல்இடிக்கு மின்னோட்டத்தை மட்டுப்படுத்த ஒரு கிலோ ஓம் ரெசிஸ்டர் போட்டால் ஒன்பது மில்லி ஆம்பியர் போகும். வீட்டு ஜன்னலுக்கு அது அதிக வெளிச்சம். 4.7 கிலோ ஓம் போடுங்கள், இரண்டு மில்லி ஆம்பியரில் மென்மையாக எரியும். தெரு இடுக்குக்கு மட்டும் ஒரு கிலோ ஓம். அங்கே வெளிச்சம் கொட்ட வேண்டும். சன்போர்டு வழியாக ஒளி கசியும், சுவர் முழுதும் விளக்குக்கூண்டு மாதிரி மின்னும். ஒட்டுவதற்கு முன்பே உட்பக்கம் கறுப்பு அடித்து, அறைக்கு அறை கறுப்புத்தாளால் தடுப்பு வைத்துவிட வேண்டும். மூன்று ஜன்னலில் ஒன்று எரிந்தால் போதும்.

பின்திரை வானத்தைப் பற்றி ஒரு வரி: சென்னை வானம் படத்தில் வரும் நீலம் இல்லை. அடிவானத்தில் ஏறக்குறைய வெள்ளை, மேலே போகப்போக வெளிறிய நீலம். மேகம் வரையாதீர்கள்.

மேல்நிலை மின்கம்பிகளை இன்னும் கட்டவில்லை, கம்பங்கள் மட்டும் நிற்கின்றன. நிஜத்தில் கம்ப இடைவெளி நேர்த்தடத்தில் 72 மீட்டர் வரை போகும். மேசையில் அது 83 சென்டிமீட்டர். நான் 30 சென்டிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கியிருக்கிறேன். அப்போதுதான் வரிசையாக நிற்கிற உணர்வு வருகிறது. கம்பியை எல்லா வேலையும் முடிந்த பிறகே இழுங்கள். ஏனென்றால் தண்டவாளத்தைத் துடைக்கக் கை உள்ளே போயாக வேண்டும். கடற்காற்று ஊரில் தண்டவாளத்தின் மேல் படலம் சீக்கிரம் சேரும். பித்தளைத் தடத்தில் இன்னும் சீக்கிரம். நிக்கல் சில்வர் தடம் வாங்குங்கள். ஐசோபிரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுத் துணியால் ஓட்டுவதற்கு முன் ஒருமுறை துடைத்தால் வண்டி திக்காமல் போகும். உப்புத்தாள் மட்டும் ஆகாது, கீறலில் அழுக்கு இன்னும் வேகமாகச் சேரும். தூசிக்கு, ஓட்டாத நேரத்தில் முழு மேசைக்கும் ஒரு பழைய பருத்திப் புடவை. அதைக் கட்டடத்தின் மேலேயே போர்த்தாமல், நாலு மூலையிலும் குச்சி நிறுத்தி அதன் மேல் விரித்தால் தொட்டியும் கொடியும் பிழைக்கும். பிளாஸ்டிக் விரிப்பு போடாதீர்கள், மழைக்காலத்தில் உள்ளே ஈரம் தங்கி வால் புட்டியில் பூஞ்சை பூக்கும்.